நானூற்றுப் பன்னிரண்டு நாள் கண்மூடாத கணினிகள்

லெம்பி ஹார்யு தன் முன்னாள் கணவனைச் செவ்வாய்க்கிழமைதோறும் காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை சாகடிக்கப் பார்ப்பாள். அவன் பிழைத்துக் கிடந்தால் வியாழக்கிழமை மற்ற எட்டுப் பேருக்கும் அதே மருந்தைக் கொடுப்பாள்.

பதற வேண்டாம். அசல் வெர்னன் ஃப்ளோரிடாவில், ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்த பெண்ணோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறான். ஆல்டர் பே நூலகத்தில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணினிக்கும் அதே பெயர். எந்த அப்டேட் வந்தாலும் முதலில் அதன் தலையில்தான் இறங்கும். பலிகடாவுக்குப் பெயர் வைப்பதென்றால், கெட்டுப்போனாலும் மனசு வலிக்காத பெயராக இருக்க வேண்டும் அல்லவா? லெம்பி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவளுக்கு அப்போது வயது அறுபத்து நான்கு. மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரி ஓரத்தில், இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அந்த ஊரில் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற யாரைப் பிடித்தாலும், அவள் பஸ்ஸில் ஒரு தடவையாவது வாந்தி எடுத்தவராகத்தான் இருப்பார். எந்த வருஷம், எந்த இருக்கை, அன்றைக்கு மதியம் என்ன சாப்பாடு என்பதுவரை லெம்பிக்கு ஞாபகம் இருக்கும். பின்னால் அவர்கள் வக்கீலானாலும் சரி, போதகரானாலும் சரி, அந்தக் கணக்கை அவள் அழிப்பதில்லை.

கணினிக்கும் அவளுக்கும் ஏற்பட்ட சம்பந்தம் குப்பைத் தொட்டியில் ஆரம்பித்தது. ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒன்பது கணினிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் புதுப் பதிப்பு அந்தப் பழைய பெட்டிகளில் ஓடாதாம். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த லெம்பி அவற்றைப் பார்த்தாள். நனைந்துகொண்டு நிற்கிற எதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வது அவளுக்குக் கைப்பழக்கம். ஒன்பதையும் இருக்கைக்கு ஒன்றாக உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நேராக நூலகத்தில் கொண்டுபோய் இறக்கினாள்.

பிறகு இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் சேர்ந்து எழுதிச் சும்மாவே கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைப் பற்றிப் பேசுகிற இணைய மன்றங்களில் போய்ச் சந்தேகம் கேட்பாள். முதல் மூன்று பேர் இதைக்கூடத் தெரியாமல் கேட்கிறாயே என்று திட்டுவார்கள். நான்காவது ஆள் பதில் சொல்லுவான். "திட்டினா என்ன? முப்பது வருஷம் புருஷன் திட்டினான், பதிலே வந்ததில்ல. இங்க நாலாவதா ஒருத்தன் சொல்றானே!" என்பாள்.

அவள் முறை ஒரே முறைதான். செவ்வாய்க்கிழமை காலையில் கறுப்புக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துக்கொண்டு வெர்னன் முன்னால் உட்காருவாள். என்னென்ன புதிதாக வருகிறது என்று திரையில் பட்டியல் ஓடும். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, வரிக்கு வரி வாசிப்பாள். வாசிக்காமல் எதற்கும் 'சரி' என்று அழுத்தமாட்டாள். "வாசிக்காம கையெழுத்துப் போட்டது கல்யாணம் ஒண்ணுக்குத்தான்" என்று சொல்லிக்கொள்வாள். வெர்னன் இரண்டு நாள் மக்கர் பண்ணாமல் ஓடினால் மற்ற எட்டுக்கும் அதே அப்டேட். ஊரில் காசு கொடுத்து வாங்கின கணினிகளெல்லாம் மாதத்துக்கு ஒன்று மண்டையைப் போட்டுக்கொண்டிருக்க, குப்பையில் பொறுக்கின இந்த ஒன்பதும் ஓடிக்கொண்டே இருந்தன.

அங்கேதான் அவளுக்குக் கர்வம் ஏறியது. இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும், அது கர்வம்தான்.

பஸ் நிறுத்தும் கொட்டகையில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்றபோது அதையே அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். லெம்பி அதை நூலக மேசைக்குப் பின்னால் மாட்டி, 'விபத்தில்லாத' என்பதை அழித்து 'அணையாத' என்று எழுதினாள். ஒன்பது கணினியும் எத்தனை நாள் அணையாமல் ஓடியிருக்கின்றன என்பது கணக்கு. தினமும் காலையில் வந்ததும் சாக்கட்டியால் ஒரு எண் கூட்டுவாள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று, அடித்தளத்தில் பழைய பஸ் பேட்டரிகள் நாலை இணைத்துவைத்திருந்தாள். குளிர்காலத்தில் கம்பி அறுந்தபோதெல்லாம் ஊரே இருட்டில் கிடக்க, நூலகத்தில் ஒன்பது திரை மட்டும் பேய்வீடு மாதிரி மினுங்கும்.

அப்டேட் முடிந்ததும் ஒவ்வொரு வாரமும் திரை மூலையில் ஒரு சின்னச் சேதி வரும். புதியது நடைமுறைக்கு வர, ஒரு தடவை அணைத்து எழுப்பு என்று. லெம்பி அதை மட்டும் வாசித்த மாதிரியே காட்டிக்கொள்ளமாட்டாள். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவாள். அணைத்தால் பலகையில் எண் போய்விடுமே! இருநூறு ஆயிற்று, முந்நூறு ஆயிற்று. ஊரார் நூலகத்துக்குள் நுழைந்ததும் புத்தகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நானூற்றுப் பத்தைத் தொட்ட சமயம், ஊராட்சித் தலைவர் கோர்டன் பெல்லோ ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை. நகரத்துக் கம்பெனி ஒன்று புதுக் கணினிகளை வாடகைக்குக் கொடுத்து, அங்கே இருந்தபடியே பார்த்துக்கொள்ளுமாம். பழசை எடுத்துவிடலாம் என்றார். புதியதில் அட்டையைத் தேய்த்தால்தான் உள்ளே போக முடியும். முப்பது நிமிடம் ஆனதும் அதுவே ஆளை வெளியே தள்ளிவிடும்.

"முப்பது நிமிஷமா? ரூடிக்குத் தன் பேரை அடிக்கவே இருபது நிமிஷம் ஆகும்டா கோர்டி" என்றாள் லெம்பி.

"மிசஸ் ஹார்யு, நான் உங்களுக்கு எதிரா எதுவும் சொல்லல. நீங்க சம்பளம்கூட வாங்காம பண்றீங்க. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துப்பாங்க?"

"எனக்கு என்ன ஆகும்? பாரு, அங்க பாரு. நானூத்திப் பத்து. ஒரு தடவ விழுந்திருக்கா? இத விட என்ன வேணும் உனக்கு?"

பெல்லோ பலகையைப் பார்த்தார். "புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சபையில ஓட்டெடுப்பு. அன்னிக்கு மதியம் நானே நேர்ல வந்து பாக்குறேன். நீங்க சொல்ற மாதிரி இருந்தா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லெம்பிக்கு வீட்டில் பூனைகூடக் கிடையாது. மகள் டெக்சஸில். இந்த ஒன்பது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் எந்த நாற்காலியில் உட்காருவாள்? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற ஜாதியும் இல்லை.

புதன்கிழமை விடிந்தது. ஆகஸ்ட் மாசப் புழுக்கம். அன்றைக்கு ஓட்டெடுப்பு மட்டும் இல்லை. பெட்டைமான் சுடுவதற்கான சீட்டுக் குலுக்கலுக்கு விண்ணப்பம் போடவும் அதுதான் கடைசி நாள். மாலை ஐந்தோடு சரி. விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே. காட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற பாதிப் பேருக்கு இணையம் ஏது? நூலகம் திறக்கும் முன்னே வாசலில் வரிசை நின்றது. நூலகர் மார்லிஸ் வோல்கர் பெயர்களை எழுதிக்கொண்டு, ஆள் ஆளாக உள்ளே விட்டாள். லெம்பி பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள், மகாராணி மாதிரி.

பத்து மணிக்கு ரூடி டெர்வோ வந்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான், கோடையில் மீன் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு படகில் தூங்குவான். எழுபது வயது. கையில் படகு பேட்டரியும் அதைச் சார்ஜ் பண்ணும் பெட்டியும். வீட்டுக் கரண்டை ஏன் செலவழிக்க வேண்டும், நூலகத்தில் சும்மா கிடக்கிறதே என்பது அவன் பொருளாதாரம். கழிவறைப் பக்கம் போனான், குனிந்தான், சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கித் தன்னுடையதைச் சொருகினான்.

வெர்னன் கண்ணை மூடிக்கொண்டான்.

"யோவ் ரூடி!" லெம்பி போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"என்ன? என்ன ஆச்சு?"

"எதைய்யா புடுங்கினே?"

"ஒரு வயரு. சும்மாதானே கெடந்துச்சு."

"நானூத்திப் பன்னண்டு நாளா ஓடிட்டு இருந்துச்சுய்யா!"

"அப்ப அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேண்டாமா, லெம்பி?"

அவள் அவன் பேட்டரியைக் காலால் தள்ளிவிட்டு, வெர்னனின் பிளக்கை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் கடகடவென்று ஓடின. பாதியில் நின்றன. கடைசி வரியில், எனக்குப் பீதி பிடித்துவிட்டது, இனி நகரமாட்டேன் என்று மெஷினே எழுதிக் காட்டிவிட்டுக் கல்லாகச் சமைந்துவிட்டது. இன்னொரு தடவை அணைத்து எழுப்பினாள். மறுபடியும் அதே பீதி.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது; அதுதான் கொடுமை.

கெர்னல் என்று ஒன்று உண்டு. இயங்குதளத்துக்கு அதுதான் என்ஜின். அப்டேட்டில் அவ்வப்போது புது என்ஜினும் வரும். ஓடுகிற பஸ்ஸில் என்ஜின் மாற்ற முடியுமா? புது என்ஜின் கொட்டகையில் வந்து உட்கார்ந்து காத்திருக்கும். வண்டி ஒரு தடவை நின்று, மறுபடி கிளம்பும்போதுதான் அதை மாட்டிக்கொள்ளும். லெம்பி நிறுத்தவே இல்லையே! வாராவாரம் அப்டேட் போட்டாள், வரிக்கு வரி வாசித்தாள், புது என்ஜின்களை வாங்கி வாங்கிக் கொட்டகையில் அடுக்கினாள். ஓடிக்கொண்டிருந்தது என்னவோ நானூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு முந்திய பழைய என்ஜின். புதியது இந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாதது. ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கிளப்பிப் பார்க்காதபோது எப்படித் தெரியும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவளும் வாராவாரம் ஒரு பருக்கையை எடுத்தாள். நசுக்கிப் பார்க்காமலே, வெந்துவிட்டது, வெந்துவிட்டது என்று எல்லோருக்கும் பரிமாறினாள்.

பொத்தானை மறுபடி அழுத்தி, எழும்பும்போதே ஒரு விசையை விடாமல் பிடித்துக்கொண்டாள். எந்த என்ஜின் வேண்டும் என்று மெஷின் கேட்கிற பட்டியல் வந்தது. மூன்று பெயர்கள். முதலாவது புதியது, செத்தது. இரண்டாவதை எடுத்தாள், அதுவும் பீதியில் நின்றது. கடைசியில் இருந்த பழையதை எடுத்தாள். வெள்ளை எழுத்துக்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே போய், நீலத் திரை மலர்ந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி வெர்னன் முழித்துக்கொண்டான்.

"பாத்தியா? நல்லாத்தானே இருக்கான்" என்றான் ரூடி.

"வாய மூடு. அவன் நல்லா இல்ல. மத்த எட்டும் நல்லா இல்ல. எல்லாம் இப்ப நடக்குது, பேசுது, சிரிக்குது. ஒரு தடவ படுத்தா எந்திரிக்காது."

மார்லிஸ் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லெம்பி, ஓட்டு ஆறு மணிக்கு. அதுவரைக்கும் எதையும் தொடாத. ஓடுறது ஓடட்டும். நாளைக்கு நிதானமா சரி பண்ணிக்கலாம்."

"வெர்னன் விழுந்தது?"

"வெர்னன எதுக்குக் கணக்குல சேக்குறே? உன் கல்யாணத்துலயே அவன் கணக்குல வரல" என்றான் ரூடி.

சிரிப்பு வந்தது லெம்பிக்கு. சிரித்தபடியே பலகையைப் பார்த்தாள். தொடாமல் விட்டால் கோர்டி வருவான், எண்ணைப் பார்ப்பான், திருப்தியாகப் போவான். அப்போது மேசை ரேடியோவில் வானிலை சொன்னார்கள். ஏரி மேலே இடிமழை உருவாகியிருக்கிறது, மூன்று மணிவாக்கில் கரையைத் தொடும், மரங்கள் விழலாம் என்று. பஸ் பேட்டரிகளும் வயசாகிவிட்டவைதான். அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் சந்தேகம்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நின்றாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டியை நின்றபடியே கடித்தாள். பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள். இருபத்தேழு வருஷம், பனியோ மழையோ, ஒரு பிள்ளையை ஏற்றும் முன்னால் கொட்டகைக்குள்ளேயே பத்தடி ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்ப்பாள். மிதிக்காமல் பிரேக் பிடிக்கும் என்று எவனாவது சொன்னால் அவனை வண்டிப் பக்கம் சேர்க்கமாட்டாள். அப்படிப்பட்டவள் நானூற்றுப் பன்னிரண்டு நாளாகப் பிரேக்கைத் துடைத்து மினுக்கி வைத்துக்கொண்டு, அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மீதிப் பாஸ்டியைக் காகிதத்தில் சுற்றினாள்.

ஒரு மணிக்கு பெல்லோ வந்தார். வந்ததும் பலகையைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் புன்னகை முடியும் முன்னே லெம்பி துணியை எடுத்து நானூற்றுப் பன்னிரண்டைத் துடைத்தாள். பூஜ்யம் போட்டாள். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"என்ன மிசஸ் ஹார்யு இது?"

"காலையில ஒண்ணு விழுந்துச்சு. மத்ததையும் நானே விழவைக்கப் போறேன். இப்ப, இங்கயே, ஒண்ணொண்ணா."

"இன்னிக்கா? வாசல்ல இவ்வளவு பேர் நிக்கிறாங்க!"

"அதனாலதான். மூணு மணிக்குக் கரண்ட் போகும். போச்சுன்னா எல்லாம் சேந்து விழும், ஒண்ணும் எந்திரிக்காது. நான் பண்ணின தப்பு. பழைய என்ஜின்லயே எந்திரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணுலயும் எழுதி வெச்சு, அணைச்சு, எழுப்பிப் பாத்துடணும். எழுதி வெச்சாப் போதும்னு விட்டா, மறுபடி அதே புத்திதான்."

"அப்ப இத்தனை நாள் பலகையில போட்டது..."

"பீத்தல். போதுமா? தள்ளி நில்லுடா, வயர் மேல நிக்கிற."

பெல்லோ தள்ளி நின்றார். இஸ்திரிச் சட்டை போட்டிருந்தாலும், அந்தக் குரலுக்கு அவர் கால் ஒன்றாம் வகுப்பிலேயே பழகியது.

வேலை ஆரம்பித்தது. ஒரு ஆள் விண்ணப்பத்தை முடித்து எழுந்ததும், அடுத்தவர் உட்காரும் முன்னால் அந்த மெஷினை லெம்பி எடுத்துக்கொள்வாள். எழுதுவாள், அணைப்பாள், எழுப்புவாள். ஒவ்வொன்றுக்கும் ஆறேழு நிமிடம். அணைந்த திரை கறுப்பாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில் வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நீலம் வந்ததும் பெருமூச்சு விடும். ரூடி ஓரமாக நின்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தான், தோற்றவன் ஜெயித்தவனுக்கு மீன் கழுவிக் கொடுக்க வேண்டும் என்று.

ஒன்று எழுந்தது. இரண்டு எழுந்தது. ஐந்துவரை எழுந்தன. ஆறாவது எழவில்லை.

"என்ன லெம்பி, இன்னொரு வெர்னனா?" என்றான் ரூடி.

"சும்மா இரு." விசையைப் பிடித்தாள். பட்டியல் வந்தது. இரண்டே பெயர், இரண்டும் புதியவை. பழைய என்ஜின் அதில் இல்லவே இல்லை. போன மார்ச்சில் இடம் போதவில்லை என்று அந்த மெஷினில் மட்டும் பழசையெல்லாம் வழித்துப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளேதான் போட்டாள். திட்டவும் வேறு ஆள் இல்லை.

"இது இன்னிக்கு எந்திரிக்காது. மார்லிஸ், இதுக்கு மேல ஒரு துணியப் போடு" என்றாள்.

மார்லிஸ் நாற்காலியில் எப்போதும் தொங்கும் தன் ஸ்வெட்டரையே எடுத்து அதன்மேல் போட்டாள். செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பெல்லோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார். லெம்பி அதைப் பார்த்தாள். ஏழாவதுக்குப் போனாள்.

எட்டாவதை எழுப்பி, வெர்னனிலும் எழுதிவைத்து எழுப்பி முடிக்கும்போது மணி இரண்டே முக்கால். மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏரிப் பக்கம் வானம் கத்திரிக்காய் நிறமாயிற்று. காற்று வந்த வேகத்தில் வாசல் குப்பைத் தொட்டி தெருவைக் கடந்து தேவாலயத்துக்குள்ளே போயிற்று. சடாரென்று ஒரு சத்தம், விளக்கெல்லாம் போய்விட்டது. அடித்தளத்துப் பேட்டரிகள் முக்கி முனகி இருபத்தாறு நிமிடம் இழுத்தன. அதற்குள் பதினோரு பேர் விண்ணப்பத்தை முடித்துக்கொண்டார்கள். பிறகு எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

இருட்டில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மழை வேறு. மார்லிஸ் புளூபெர்ரி கேக்கை வெட்டிக் கொடுத்தாள்.

"எந்திரிக்குமா, மிசஸ் ஹார்யு?" என்று கேட்டார் பெல்லோ. இருட்டில் அவர் குரல் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"நீ ஏன்டா கவலப்படுற? ஆறு மணிக்குத்தானே உனக்கு வேலை."

"இல்ல... நானும் இன்னும் மான் சீட்டுக்குப் போடல."

ரூடி சிரித்த சிரிப்பில் கேக் துணுக்கு அவனுக்குப் புரையேறி, முதுகில் இரண்டு பேர் அடிக்க வேண்டியதாயிற்று. "வரிசையில கடைசியா நில்லுங்க தலைவரே! எனக்கே பின்னாடி!"

நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மின்சாரம் வந்தது. யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கரண்ட் வந்தால் தானாகவே எழும்படி லெம்பி எப்போதோ அமைத்துவைத்திருந்தாள். விசிறிகள் சுற்றின. கறுப்பில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின. ஒரு திரை நீலமாயிற்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல. ஸ்வெட்டர் போர்த்தியதைத் தவிர எட்டும் எழுந்துவிட்டன. ஒரு பெண்மணி 'அல்லேலூயா' என்றாள். லெம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காகிதத்தைப் பிரிக்காமலே மீதிப் பாஸ்டியைக் கடித்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள்.

பெல்லோ ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது தன் விண்ணப்பத்தை முடித்தார்.

ஆறு மணிக்கு தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் சபை கூடியது. மழை விட்டு, ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து உறுப்பினர்கள். பின்னால் இரும்பு நாற்காலிகளில் ஊர்ப்பாதி, ஈரச் சட்டைகளோடு. குறிப்பு எழுத மார்லிஸ். பெல்லோ கம்பெனியின் தாளை விரித்துக்கொண்டார்.

"இதுல ஒரு வரி இருக்கு. 'வாரம் ஒரு முறை எல்லாக் கணினிகளும் அணைத்து எழுப்பப்படும்.' போன வாரம் வாசிச்சப்ப எனக்கு இது என்னன்னே புரியல. இன்னிக்குப் புரியுது. நீங்க என்ன சொல்றீங்க, மிசஸ் ஹார்யு?"

லெம்பி எழுந்து நின்றாள். "அந்த வரி சரி. நான் பண்ணினதவிட சரி. அப்டேட் போட்டுட்டு எழுப்பிப் பாக்காதவ அப்டேட்டே போடல. நானூத்திப் பன்னண்டு நாள் நான் உங்களுக்குக் காட்டினது வெறும் பலகை. அதுக்காக மெஷினத் தண்டிக்காதீங்க, என்னத் திட்டுங்க. மத்தபடி அந்தத் தாள்ல இருக்கிறது, முப்பது நிமிஷம், அட்டை, அதெல்லாம் குப்பை."

"ஆறாவது?"

"நாளைக்கு மதியத்துக்குள்ள எந்திரிக்கும். மத்ததுலேர்ந்து பழைய என்ஜின எடுத்துப் போட்டா சரியாயிடும். புதுசு எது ஒத்துக்குதுன்னு ஒண்ணொண்ணா கெளப்பிப் பாத்துக் கண்டுபிடிக்கிறேன். பழசுலயே கெடக்கவும் கூடாது. ஓட்டை விழுந்த கூரை அது."

பெல்லோ மற்ற நால்வரையும் பார்த்தார். தாளின் பின்பக்கத்தில் எழுதி வாசித்தார்: கணினிகள் இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருக்கலாம், வாரம் ஒரு தடவை எல்லாவற்றையும் அணைத்து எழுப்ப வேண்டும், அதைத் தேதி போட்டு மார்லிஸ் எழுதிவைக்க வேண்டும். கடைசியாக உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருத்தர், வாரக்கடைசியில் நூலகம் மூடியிருக்கும், ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"முடியாது" என்றாள் லெம்பி.

அறை முழுக்க முனகல். ரூடி தலையில் கைவைத்துக்கொண்டான். "லெம்பி, எல்லாம் கூடி வர்றப்ப..."

"வெள்ளிக்கிழமை நான் எந்த மெஷினையும் அணைக்கமாட்டேன். உலகத்துல புத்தியிருக்கிற ஒருத்தரும் அணைக்கமாட்டாங்க. சாயங்காலம் அணைச்சேன், எந்திரிக்கல, அப்புறம்? ராத்திரி மீன் சாப்பிடப் போறதா, அதோட தலைமாட்டுல உக்கார்றதா? சனிக்கிழமை எனக்கு சவுனாக் குளியல். ஞாயித்துக்கிழமை ஆண்டவர். வியாழக்கிழமை காலைல, அப்டேட் போட்ட கையோட. கெட்டா வெள்ளி முழுக்க சரி பண்ண இருக்கு."

"வெள்ளின்னா நான் சரின்னு ஓட்டுப் போடுவேன்" என்றார் அந்த உறுப்பினர்.

"அப்ப வேண்டாம்னு போடுங்க. இன்னிக்குத்தான் ஒரு பொய்ய அழிச்சேன். இன்னொரு தப்பத் தெரிஞ்சே ஒத்துக்கமாட்டேன்."

மார்லிஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். பெல்லோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். லெம்பியைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, வழியை மறித்து நின்ற பஸ் மாதிரி நின்றாள்.

"வியாழக்கிழமைன்னு எழுதுங்க, மார்லிஸ்" என்றார். "சம்மதம்னா கை தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. கடைசி உறுப்பினரும் அவர் பக்கத்தில் இருந்தவரும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதாக, பெல்லோவின் கை தோள்பட்டை உயரத்துக்கு, பாதி மனசாக எழுந்தது.

"நல்லா தூக்குடா கோர்டி" என்றாள் லெம்பி, "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

தூக்கினார்.